நாற்பது றாத்தல்

எங்களில் ஒருவருடைய சித்தப்பாவிடம் 1990களில் ஓடத் தொடங்கிய டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப் ஒன்று இருக்கிறது. 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். கொட்டாஞ்சேனையில் சாமான் ஏற்றி வெள்ளவத்தைக் கடைகளில் இறக்குவதுதான் அதன் தொழில், சித்தப்பா வீட்டின் தொழிலும் அதுதான். ஒரு நாள் காலி வீதியில் சிக்னலில் நிற்கும்போது ஒயில் பிரஷர் ஊசி பூச்சியத்தில் படுத்துவிட்டது. பிறகு எழும்பவே இல்லை.

முதலில் போன கராஜில் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது: "எஞ்சின் இறக்கோணும்." சொன்ன தொகையைக் கேட்டு சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று கேட்க இது நாடு அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தைச் சாகவிடாமல் பார்ப்பதே வேலையாகிவிட்டது. திறந்த பிறகும் வரி போட்டு வரும் விலையை எங்கள் ஆட்கள் தூர நின்றுதான் பார்க்கிறார்கள்.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. சித்தப்பா கொட்டாஞ்சேனையில் இன்னொரு பாஸிடம் போனபோது துணைக்குப் போனோம், அவ்வளவுதான். ('பாஸ்' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது. அவர்கள் மொழியில் மேற்பார்ப்பவர், எசமான். இங்கே கைவினை தெரிந்த எவரும் பாஸ்.) போனில் இணைக்கிற ஸ்கேனர் ஒன்றை எதிர்பார்த்தோம். பாஸ் சிரித்தார். "இதில எங்க தம்பி கொளுவுறது?" உண்மைதான். அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு ஓபிடி-2 சொக்கெற் கட்டாயமானதே 1996 மாதிரி ஆண்டில்தான். இந்த டீசலில் எண்ணெய் பீச்சுகிற பம்பே முழுக்க இயந்திரம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல உள்ளே கம்பியூட்டர் எதுவும் இல்லை.

அவர் எடுத்தது ஒரு வட்ட டயல், அதன் பின்னால் ஒரு ரப்பர் ஹோஸ், நுனியில் பித்தளை நிப்பிள். இந்தக் கட்டுரை அந்த டயலில் இருந்துதான் பிறந்தது.

அதற்குள் இருப்பது தட்டையாக நசுக்கி, 'சி' போல வளைத்த ஒரு குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு கொஞ்சம் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி ஊசியைத் திருப்பும். யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849 இல் பரிசில் இதற்குக் காப்புரிமை எடுத்தார். கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம். நெளிந்துபோன சுருள் குழாய் ஒன்றை அழுத்தம் கொடுத்து நிமிர்த்தப் போனபோது குழாய் தானாக அவிழ்ந்ததைக் கண்டுதான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு நீராவி ரயில் ஓடியபோது இந்தக் கண்டுபிடிப்புக்கு வயது பதினைந்துதான். இப்போது நூற்று எழுபதைத் தாண்டிவிட்டது. பற்றறி வேண்டாம், வயர் வேண்டாம், பொய் சொல்லவும் அதற்குத் தெரியாது.

டாஷ்போர்ட்டில் இருப்பவை பொய் சொல்லும். 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கொம்பனி ஊசிக்குப் பதிலாகச் சிவப்பு பல்ப் ஒன்றை வைத்தது. ஒயில் அழுத்தம் விழுந்தால் பல்ப் எரியும். மலிவு, எல்லாருக்கும் விளங்கும். ஆனால் எரியும்போது பாதி எஞ்சின் போயிருக்கும். அதைவிடப் பெரிய கூத்து 1980களின் கடைசியில் ஃபோர்ட் பிக்கப்புகளில் நடந்தது. டாஷ்போர்ட்டில் ஊசி அப்படியே இருந்தது, எஞ்சினில் இருந்த சென்சரோ வெறும் ஓன்–ஓஃப் சுவிட்ச். குறைந்தபட்ச அழுத்தம் இருந்தாலே போதும், ஊசி நடுவில் போய் நிற்கும். பார்ப்பவருக்கு எல்லாம் நல்லாயிருக்கிற மாதிரி! எங்களுக்கு அரசாங்கப் புள்ளிவிபரங்கள் ஞாபகம் வந்தன, அதை இங்கே நீட்டவில்லை.

எங்கள் ஹைலக்ஸின் சென்சர் அப்படியல்ல. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடும் அதைச் சுற்றி ஒரு சூடாக்கும் கம்பியும் இருக்கின்றன. மின்சாரம் போனால் தகடு சூடாகி வளைந்து தொடுப்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். ஒயில் அழுத்தம் கூடினால் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் கூடும். அதனால்தான் இதை மல்ரிமீற்றரால் ஓம் அளந்து சோதிப்பது வீண். முதல் கராஜில் செய்தது அதைத்தான். டொயோட்டாவின் பழைய கையேடுகள் சொல்லும் வழி வேறு: சென்சரின் வயரைக் கழற்றி, பற்றறிக்கும் சென்சருக்கும் நடுவில் 3.4 வொற் பல்ப் ஒன்றைப் போடு. எஞ்சின் நிற்கும்போது எரியக்கூடாது. ஓடும்போது மினுங்கவேண்டும், வேகத்தோடு மினுக்கமும் மாறவேண்டும்.

பாஸ் முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஒயில் மட்டம் சரி. பிறகு ஸ்டார்ட் பண்ணி பல்ப்பைப் பிடித்தார். இருட்டு. எங்களுக்கு நெஞ்சு இறங்கியது. சென்சர் செத்திருந்தாலும் இருட்டுத்தான், உண்மையாகவே அழுத்தம் இல்லாவிட்டாலும் இருட்டுத்தான். எஞ்சினை உடனே நிறுத்தினார். அடுத்து சாவியை மட்டும் திருப்பிவிட்டு, மீற்றருக்குப் போகும் வயரை பல்ப் வழியாக பொடியில் தொட்டார். ஊசி மெல்ல எழும்பியது. (பல்ப் இல்லாமல் நேரே தொட்டுப் பிடித்தால் மீற்றர் கருகும் என்றார்.) அப்படியானால் மீற்றரும் வயரும் நல்லம். மிச்சம் இரண்டே பேர்: சென்சர், அல்லது எஞ்சின்.

சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் பித்தளை நிப்பிளை முறுக்கினார். முறுக்கும்போதே, "அமெரிக்கன் நிப்பிளைப் போட்டா திரெட் நாசம்" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தோம். ஜப்பான் எஞ்சினில் இருக்கும் அந்த எட்டில் ஒன்று குழாய்ப் புரி உண்மையில் ஆங்கிலேயருடையது. அங்குலத்துக்கு 28 புரி, 55 பாகைக் கோணம். ஜோசப் விட்வேர்த் 1841 இல் முன்வைத்த திருகு ஒழுங்கின் வாரிசு. அமெரிக்கப் புரியோ 27, 60 பாகை. முதல் இரண்டு சுற்றும் ஏறிவிடும், பிறகுதான் கடிக்கும்.

எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பில்தான் பாஸ் கதைத்தார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்தவர். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸும் திருத்தியவர். 1990 இலிருந்து பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இது எங்கள் வீடுகளிலும் கேட்ட கதை, பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வது. ஆனால் அந்த எஞ்சின்களின் உள்ளே நடந்ததை யாரும் சொன்னதில்லை. முழுக்க எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் ஏறும். ஒயில் தண்ணீராகும், அழுத்தம் விழும், பெயரிங் தேயும். "அப்ப மீற்றரைப் பாக்கிறேல்ல. ஒயிலைத் தொட்டு, மணந்துதான் பாக்கிறது." சற்றுமுன் டிப்ஸ்டிக்கை ஏன் முகர்ந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. தடை பற்றி நாங்கள் வாசித்த பக்கங்களில் பொருட்களின் பட்டியல்களைத்தான் கண்டிருக்கிறோம், மணத்தை அல்ல.

டயலைக் காட்டினார். ஐட்லில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நின்றது. சித்தப்பா பயந்துபோய், "குறைவெல்லோ?" என்றார். இல்லை. சூடான எஞ்சினுக்கு ஐட்லில் சதுர சென்டிமீற்றருக்கு 0.3 கிலோ இருந்தால் போதும் என்கின்றன அந்தக் காலத்து டொயோட்டா கையேடுகள் பல. டயல் கணக்கில் அது நாலரைகூட இல்லை. பாஸ் அக்சிலை அழுத்தி, காதால் வேகத்தைப் பிடித்து, 3000 சுற்றளவில் நிறுத்தினார்.

"நாப்பது றாத்தல் நிக்குது. எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. சுவிட்ச்தான் செத்துப்போச்சு."

சதுர அங்குலத்துக்கு நாற்பது இறாத்தல். பாணைத் தவிர வேறெதற்கும் நாங்கள் பாவிக்காத அளவு. அரபியின் 'ரத்ல்' போர்த்துக்கேயர் வாயில் 'அராத்தெல்' ஆகி, எங்களிடம் றாத்தலாகி, ஆங்கிலேயரின் பவுண்டுக்கும் பெயராகி, இப்போது ஒரு ஜப்பான் எஞ்சின் உயிரோடு இருக்கிறது என்று சாட்சி சொன்னது.

புது சென்சருக்குப் பஞ்சிகாவத்தைக்கு நாங்கள்தான் போனோம், முதல் தடவை பிழையாகவும் வாங்கினோம். கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'ஒயில் பிரஷர் சுவிட்ச்'. அவர்கள் தந்தது பல்ப்புக்கான சின்ன சுவிட்ச், எங்களுக்குத் தேவை ஊசிக்கானது, அது டப்பி போலப் பெரிது. பழையதைக் கையில் கொண்டு இரண்டாவது தடவை போனபோதுதான் சரியானது கிடைத்தது, ஜப்பானில் கழற்றிய எஞ்சின் ஒன்றில் இருந்தது. 1977 இல் இறக்குமதி திறந்த பிறகு ஜப்பானின் பழைய வாகனங்களும் அவற்றின் துண்டுகளும் இந்தத் தெருக்களை நிரப்பின. இறக்குமதி நின்ற காலத்தில் வாகனங்களைத் தாங்கியதும் இந்தத் துண்டுகள்தான். மருதானைக்கும் ஆமர் வீதிக்கும் நடுவே சிங்களம், தமிழ் இரண்டும் கலந்து பேரம் பேசுகிற இந்தக் கடைகளின் வரலாற்றை யாராவது எங்கள் பீடத்தில் ஆய்வாக எடுத்தால் நாங்கள் சந்தோசமாகக் கூடவே அலைவோம்.

பூட்டும்போது நாங்கள் வெள்ளை டேப்பை நிறையச் சுற்றப் போனோம். பாஸ் பறித்துக்கொண்டார். இந்த சென்சருக்கு ஒரே ஒரு வயர்தான், ஏர்த் கிடைப்பது புரி வழியாக. டேப் அந்தத் தொடுப்பை மறைத்தால் புது சென்சரும் செத்த மாதிரியே நிற்கும், மறுபடி யாரோ எஞ்சினை இறக்கச் சொல்வார்கள். வயரைக் கொளுவி, பல்ப்பைப் பிடித்து, ஸ்டார்ட் பண்ணினார். மினுங்கியது. அக்சில் கொடுக்க மினுக்கம் மாறியது.

கூலியைக் கேட்டு சித்தப்பா இரண்டு தடவை திருப்பிக் கேட்டார், அவ்வளவு குறைவு. அடுத்த நாள் காலை, சாமான் ஏற்ற முதல், எஞ்சினுக்குக் கீழே ஒரு கடதாசி விரித்து ஒயில் சொட்டியிருக்கா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் பாஸ். பார்த்தோம். கடதாசி காய்ந்திருந்தது. எட்டு மணிக்கு டபள் கெப் வெள்ளவத்தைக்கு வெளிக்கிட்டது.