சினைப்பையில் ஹார்மோன் உற்பத்தி

இனப்பெருக்க வயதில் சினைப்பைகள் சுரக்கும் முதன்மையான ஹார்மோன்கள் ஈஸ்ட்ரடையாலும் புரோஜெஸ்ட்ரோனும். ஈஸ்ட்ரோஜன் வகையில் வீரியம் மிக்கது ஈஸ்ட்ரடையால். தைராய்டைப்போல ஆண்டு முழுவதும் ஒரே திசு இவற்றைச் சுரப்பதில்லை. ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் புதிதாக முதிரும் ஒரு நுண்ணறையே இந்த வேலையை ஏற்கிறது.

கருமுட்டையைச் சுற்றியுள்ள நுண்ணறைச் சுவரில் இரு அடுக்குகள் உண்டு. வெளியே இருப்பவை தீக்கா செல்கள். இரத்த நாளங்கள் இவற்றோடு நின்றுவிடுகின்றன. பிட்யூட்டரி சுரப்பியின் எல்.எச். ஹார்மோன் தூண்ட, இவை இரத்தத்தில் வரும் கொலஸ்ட்ராலை ஆண்ட்ரோஜனாக்குகின்றன. உள்ளே உள்ள கிரானுலோசா செல்களால் ஆண்ட்ரோஜனைத் தாமே தயாரிக்க இயலாது. அதற்கான நொதி அவற்றில் இல்லை. வெளியடுக்கிலிருந்து கசிந்து வருவதை, பிட்யூட்டரியின் மற்றொரு ஹார்மோனான எஃப்.எஸ்.எச். தூண்டுதலில், அரோமட்டேஸ் நொதியால் ஈஸ்ட்ரடையாலாக மாற்றுகின்றன. ஆண் ஹார்மோன் என்று நாம் ஒதுக்கிவைப்பதுதான் இங்கே பெண் ஹார்மோனின் மூலப்பொருள். குழந்தைப்பேறு சிகிச்சையில் தரப்படும் லெட்ரோசோல் இந்த அரோமட்டேஸையே தடுக்கிறது. ஈஸ்ட்ரடையால் குறைந்ததும் பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்.-ஐக் கூட்டுகிறது, நுண்ணறை வளர்கிறது.

சுழற்சியின் முற்பகுதியில் ஈஸ்ட்ரடையால் பிட்யூட்டரியை அடக்கியே வைக்கிறது. மில்லிலிட்டருக்குச் சுமார் 200 பிகோகிராமைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு நாள் நீடித்தால் நிலைமை தலைகீழாகிறது: எல்.எச். திடீரென எகிறுகிறது. அது ஏறத் தொடங்கிய சுமார் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறுகிறது.

மிஞ்சிய நுண்ணறைக்குள் இரத்த நாளங்கள் புகுந்து பரவுகின்றன. கிரானுலோசா செல்களுக்கும் கொலஸ்ட்ரால் தாராளமாகக் கிடைக்கிறது. அவை பெருத்து, கார்பஸ் லூட்டியமாகிப் புரோஜெஸ்ட்ரோனைப் பெருமளவில் சுரக்கின்றன. கரு பதியாவிட்டால் இதன் ஆயுள் ஏறத்தாழ 14 நாள். இது சுருங்கியதும் ஹார்மோன்கள் சரிந்து மாதவிடாய் வருகிறது. கரு பதிந்தால் அதன் எச்.சி.ஜி. ஹார்மோன் இதைக் காப்பாற்றுகிறது. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கச் சுமார் 7 முதல் 9 வாரங்களாகும்.

கருமுட்டை வெளியேறியதா என்றறியச் செய்யும் ‘21-ஆம் நாள்’ புரோஜெஸ்ட்ரோன் சோதனை 28 நாள் சுழற்சிக்கே பொருந்தும். நாளின் எண்ணிக்கை மாறுபடுவது பெரும்பாலும் முற்பகுதியில்தான் என்பதால், 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அதை 28-ஆம் நாள் எடுக்க வேண்டும். 21-இல் எடுத்தால் அளவு குறைவாகத் தெரியும். கருமுட்டையே வெளிவரவில்லை என்ற தவறான முடிவுக்கு அது இட்டுச்செல்லும்.