லிபர்ட்டி தெருவில் பத்தாம் நம்பர்



மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன் செய்த நம் சங்கச் செயலாளர், "அமெரிக்க அனுபவம் எழுதுங்க சார், ஆனா சுதந்திர தேவி சிலை வேண்டாம், அதை மூணு பேர் எழுதிட்டாங்க" என்றார். எனவே ஒரு தீயணைப்பு நிலையத்தின் கதையைச் சொல்கிறேன்.

நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தென்கோடி. லிபர்ட்டி தெரு, 124ஆம் எண். உலக வர்த்தக மையத்துக்கு எதிர்சாரி. உள்ளே இரண்டு கம்பெனிகள்: எஞ்சின் 10, லேடர் 10. அதனால் 'டென் ஹவுஸ்' என்று பெயர். கம்பெனி என்றதும் வியாபாரம் என்று எண்ண வேண்டாம். படைப்பிரிவு என்று பொருள். எஞ்சின்காரர்கள் பம்பும் குழாயும் கொண்டு தண்ணீர் அடிப்பவர்கள். லேடர்காரர்கள் ஏணியும் கோடரியுமாகப் போய்க் கதவை உடைத்து, புகை வெளியேற வழி செய்து, மாட்டிக்கொண்டவர்களைத் தேடுபவர்கள். ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பாதி வேலைதான்.

அந்த நகரத்தில் பழைய நாளில் தீயணைப்போருக்குச் சம்பளம் கிடையாது. மணி அடித்ததும் தொழிலாளிகளும் கடைக்காரர்களும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். வீரம் இருந்தது, வீம்பும் இருந்தது. யார் முதலில் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்று, வீடு எரிய எரிய அடித்துக்கொண்டதும் உண்டாம்! (நம் விடுதி மெஸ் ஞாபகம் வருகிறதா?) 1835 டிசம்பரில் பெருந்தீ வந்தது. கடுங்குளிரில் ஆறு உறைந்து, குழாய்க்குள்ளேயே தண்ணீர் கட்டியாகிவிட, நூற்றுக்கணக்கான கட்டிடங்கள் சாம்பலாயின. 1842இல் குரோட்டன் ஆற்று நீர் நகருக்கு வந்தது. 1865இல் சம்பளம் பெறும் படை அமைந்தது. எஞ்சின் 10, லேடர் 10 இரண்டும் அந்த ஆண்டில் பிறந்தவை. 1980களில்தான் இரண்டும் லிபர்ட்டி தெருவில் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தன.

இனி என் கதை. 26-2-1993, வெள்ளிக்கிழமை. பகல் 12 மணி தாண்டியிருக்கும். கோபுரத்தில் நாற்பதாவது மாடிக்கு மேலே எனக்கு வேலை. கீழே கார் நிறுத்துமிடத்தில் குண்டு வெடித்தது. மின்சாரம் போய்விட்டது. படிக்கட்டு முழுக்கப் புகை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நாங்கள் இறங்க, எதிரே சிலர் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். ஒருவர் டார்ச்சை அடித்து, "சுவரைப் பிடிச்சுக்கிட்டே இறங்குங்க, நின்னுடாதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே போனார். முகம் தெரியவில்லை. ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் 10 என்ற எண் மட்டும் தெரிந்தது. அன்று ஆறு பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நான் வெளியே வந்து மூச்சு விட்டேன்.

ஒருநாள் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என் மனைவி மைசூர்பாகுகூடச் செய்து கொடுத்தாள். "வேலை நேரத்தில் தொந்தரவு எதுக்கு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று அதை ஆபீசிலேயே பங்கிட்டுத் தின்றோம். பிறகு எனக்கு நியூஜெர்சிக்கு மாற்றலாயிற்று. அந்த 'அடுத்த வாரம்' எட்டரை வருஷம் ஆகியும் வரவில்லை.

11-9-2001. முதல் விமானம் மோதியபோது காலை 8.46. ஒன்பது மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம். வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய இரவு ஷிப்ட்காரர்களும் பகல் ஷிப்ட்காரர்களோடு சேர்ந்து ஓடினார்கள். அன்று நியூயார்க் படை இழந்தது 343 பேரை. டென் ஹவுஸில் பணியிலிருந்த ஐவரும், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவரும் திரும்பவில்லை. இடிபாட்டில் சேதமடைந்த நிலையம் 2003 நவம்பரில் மீண்டும் திறந்தது.

2006 ஜூனில் அதன் பக்கச் சுவரில் 56 அடி நீள வெண்கலச் சிற்பம் வைத்தார்கள். அதை வழங்கியது ஒரு வக்கீல் நிறுவனம். அதன் வக்கீல் கிளென் வினுக், சம்பளம் வாங்காத தொண்டர் தீயணைப்பாளர்; அன்று அருகிலிருந்த ஆபீசிலிருந்து ஓடிப்போய் உயிர் விட்டவர். 1865க்கு முந்தைய வழக்கம் அழிந்துவிடவில்லை, பாருங்கள்.

அந்த வருஷம்தான் மைசூர்பாகு டப்பாவோடு அந்த வாசலில் போய் நின்றேன். வந்தவர் சின்னப் பையன். 1993இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். "உள்ளே வாங்க, காபி சாப்பிடலாம்" என்று அழைத்துப் போனான். கோப்பையைக் கையில் எடுத்தான், மணி அடித்தது. அப்படியே வைத்துவிட்டு ஓடினான். நான் நன்றி சொல்ல வேண்டியவரிடம் கடைசி வரை சொல்லவே இல்லை.

தோழர்களே, நம் விடுதிச் சமையலறையில் அடுப்பு தீப்பிடித்த இரவு நினைவிருக்கிறதா? நாமெல்லாம் வெளியே ஓட, மெஸ் மாஸ்டர் மட்டும் ஈரச் சாக்கோடு உள்ளே ஓடினார். மறுநாள் "சாம்பாரில் புகை வாசனை" என்று அவரைக் கிண்டல் செய்தோமே தவிர, ஒருவராவது நன்றி சொன்னோமா? அவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்று கேள்வி. சந்திப்புக்கு ஒருநாள் முன்னதாகவே வருகிறேன். என்கூட யார் வர்றீங்க?

— பழைய மாணவன், பி.எஸ்ஸி. கணிதம், 1978–81