கருமணலும் நாங்கூழும்

திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன சில மணல் துகள்களே, மணவாளக்குறிச்சி என்னும் கடலோரச் சிற்றூருக்கு உலக வாணிகச் சரித்திரத்தில் ஓர் இடத்தைத் தேடித் தந்தன. தேங்காயின் நார்மட்டையாகிய கதம்பலை நீரில் அழுகவிட்டு, அடித்து, நாரெடுத்துத் திரித்த அக்கயிற்றில் படிந்திருந்த மணலை 1909ஆம் ஆண்டில் சோதித்துப் பார்த்த ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி, அதில் தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் தாது இருப்பதைக் கண்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மாண்டில்' என்று நம் வீடுகளிலும் பழகிப்போன அந்த வெண்ணிற வலையைச் செய்வதற்குத் தோரியம் இன்றியமையாததாகவும், அத்தோரியத்துக்கு அதுவரை பிரேஸில் தேசத்து மணலே பெரிதும் ஆதாரமாகவும் இருந்த காலம் அது. அடுத்த ஆண்டிலேயே மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. முதல் உலக யுத்தம் மூண்டபோது ஷோம்பர்க் ஜெர்மானிய ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் கைதானார். தொழில் லண்டன் கம்பெனியாரின் கைக்குச் சென்றது.

நாஞ்சில் நாடு என்று பழையோர் வழங்கியது தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்களையே. மணவாளக்குறிச்சியோ கல்குளம் தாலுகாவைச் சேர்ந்தது. ஆயினும் வயலும் குளமும் நிறைந்த நாஞ்சில் நாட்டையும், தென்னையும் தாழையும் நிறைந்த இக்கரையையும் பிரித்துப் பேசுவது இக்கட்டுரைக்கு உதவாது. குமரித் தேவியின் திருமணம் தடைப்பட்டமையால் சமைக்கப்படாமற் போன அரிசியும் பருப்புமே பலநிற மணலாயின என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் ஐதீகத்துக்கும் இக்கரை முழுவதுமே உரியது.

பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுவது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தொன்மையான பாறைகள் யுகயுகமாகச் சிதைந்து ஆறுகளின் வழியே கடலை அடைய, தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்து அலைகள் அம்மணலைக் கரையில் ஏற்றி, முறத்திலிட்டுப் புடைப்பதைப் போல, இலேசானதை இழுத்துச் சென்று கனமானதை விட்டுச் செல்கின்றன. வெண்மணல் நீரைவிட ஏறக்குறைய 2.65 மடங்கு கனமுடையது. இல்மனைட், ஸிர்கான், மோனசைட் ஆகிய தாதுக்களோ 4.5 மடங்குக்கும் மேற்பட்டவை. இவ்வேறுபாட்டைக் கொண்டே ஆலையிலும் மணல் நீரோட்டத்தில் பிரிக்கப்படுகிறது. பின்னர்க் காந்தமும் மின்னழுத்தமும் ஒவ்வொரு தாதுவையும் தனித்தனியே ஒதுக்குகின்றன.

மின்விளக்கு வந்து மாண்டிலின் மதிப்புக் குன்றியபோது, வெள்ளை வர்ணத்துக்கு மூலமாகிய இல்மனைட்டுக்கு மதிப்பு உயர்ந்தது; 1922இல் முதல் இல்மனைட் கப்பல் புறப்பட்டது. அணுசக்தி யுகம் பிறந்ததும் தோரியம் மீண்டும் அரசாங்கங்களின் கவனத்துக்கு உரியதாயிற்று. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி இந்திய அருமணல் நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1956 நவம்பர் 1ஆம் தேதி இப்பகுதி குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தது. 1965இல் மணவாளக்குறிச்சி ஆலை அந்நிறுவனத்தின் வசமாயிற்று.

இந்தச் சரித்திரத்தை எழுதியோர் தாதுவின் வீதத்தையும் கப்பலேறிய டன்களையும் கணக்கிட்டார்கள். நான் படித்த வரையில், மணலைத் தோண்டிய இடத்தில் வாழ்ந்திருந்த ஜீவராசிகளைப் பற்றி அவர்கள் பேசவில்லை. இத்தனைக்கும், ஷோம்பர்க் ஆலை அமைப்பதற்கு முன்பே, இதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மண்ணின் ஜீவனைப் பாடிய பெருமகன் ஒருவர் இருந்தார். திருவனந்தபுரம் கலாசாலையில் தத்துவ ஆசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ் என்னும் மண்புழுவை விளித்து அதன் ஓயாத உழைப்பை வியந்து போற்றும்படி செய்திருக்கிறார். அந்நாடகத்தில் சேரனுக்கும் பாண்டியனுக்கும் போர் மூள்வதும் நாஞ்சில் நாட்டை முன்னிட்டே என்பதை எண்ணும்போது, வேந்தர் இருவர் தமதென்று வழக்காடிய நிலத்தின் வளத்தை உண்மையில் ஆக்குபவர் யாரென்று அவர் காட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1881இல், டார்வின் தமது மண்புழு நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண்ணைப் புழுக்கள் மேலே கொணர்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார்.

தாது நீக்கிய மணலைக் குழியில் திரும்ப நிரப்பினால் தரை சமமாகிவிடும், மண் திரும்பிவிடாது. நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் நுண்களி அலசப்பட்டுப் போயிருக்கும். சருகும் வேரும் மக்கிச் சேர்ந்த மேல்மண் கலைந்திருக்கும். அங்கே முதலில் குடியேறுபவை வெயிலுக்கு அஞ்சாத எறும்புகள். உலர்ந்த மணலில் கூம்புக்குழி தோண்டி அவ்வெறும்புகளுக்காகக் காத்திருக்கும் குழியானையை (குழிநரியென்றும் சொல்வர்) கடற்கரைப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். சருகு சேரத் தொடங்கியதும், உண்ணி இனத்துச் சிற்றுயிர்களும், வாலடிக் கவையை உதைத்துத் துள்ளும் கொலெம்போலா என்னும் சிறு பிராணிகளும் வருகின்றன. நிழலும் ஈரமும் நிலைத்த பின்னரே மரவட்டை வருகிறது. நாங்கூழ் வருவதற்கு மேலும் காலம் செல்லும். இவற்றுள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்களை எண்ணுவதற்கு இத்தாலியப் பேராசிரியர் பெர்லேசே 1905இலேயே வழி கண்டிருந்தார். புனலின் மேல் சல்லடையில் மண்ணை வைத்து வெப்பம் காட்டினால், உலர்ச்சிக்கு அஞ்சிய உயிர்கள் கீழே இறங்கி, அடியிலுள்ள சாராயக் குப்பியில் விழும்.

மணவாளக்குறிச்சியைப் போலவே இல்மனைட்டும் ஸிர்கானும் எடுக்கப்படும் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே கடற்கரையில், 1970களின் பிற்பகுதி முதல் தோண்டிய மணற்குன்றுகளை மீண்டும் எழுப்பி, ஒதுக்கிவைத்த மேல்மண்ணைப் பரப்பி, நம் உழவர்க்கும் பழக்கமான கம்பு, சோளம், சணப்பை ஆகியவற்றை முதற் பயிராக விதைத்தார்கள். பிறகு உடைமரக் காடு எழுந்தது. வெவ்வேறு வயதுடைய அக்காடுகளில் மரவட்டை, வண்டு, எறும்பு ஆகியவற்றை எண்ணி, தோண்டப்படாத காட்டோடு ஒப்பிட்டு, நிலம் எவ்வளவு தூரம் மீண்டது என்று அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். எறும்புகளை ஆராய்ந்தவருள் ஒருவரான ஜொனாதன் மேஜர், அதற்கு முன்பே மேற்கு ஆஸ்திரேலியாவின் பாக்ஸைட் சுரங்கங்களில், செடிவகைகளும் சருகும் பெருகப் பெருக எறும்பு இனங்களும் பெருகுவதைக் கண்டவர். எறும்பை எண்ணினால் காட்டின் நிலையை ஊகிக்கலாம் என்னும் துணிபு அங்கே உருவாயிற்று.

இதில் ஏமாறவும் இடமுண்டு. மணலில் சவுக்கு நட்டால் சில ஆண்டுகளிலேயே பசுமை தெரியும். ஆனால் அதன் ஊசிச் சருகு எளிதில் மக்காமல் தரையை மூடிக் கிடக்கும். மரத்தின் உயரத்தை மட்டும் அளந்து நிலம் மீண்டதென்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். புழு இருந்தால் மட்டும் போதும் என்பதும் சரியன்று: தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பொன்டோஸ்கோலெக்ஸ் என்னும் மண்புழு, கலைக்கப்பட்ட நிலத்தில் விரைவிற் பெருகும் இயல்புடையது, தென்னிந்தியாவிலும் அது நெடுங்காலமாகப் பரவியிருக்கிறது. ஆகவே எத்தனை என்பதோடு எந்த இனம் என்பதையும் கேட்டாக வேண்டும். அதற்கு விடை கிடைக்க, தோண்டுவதற்கு முன் அங்கே இருந்தது என்ன என்று எழுதிவைத்த ஓர் ஏடு வேண்டும்.

2024ஆம் ஆண்டில், கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்களில் ஏறக்குறைய 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் வெளியாகி, மீனவ மக்களிடையே பலத்த எதிர்ப்பு எழுந்தது. தங்கள் கரையும் குடியும் உடல்நலமும் என்னாகும் என்று அவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது; அக்கேள்விகளுக்கு விடை கிடைக்கும் முன்னர் வேறொன்றும் பேசத் தகுதியில்லை. எனினும், திட்டம் நிறைவேறினாலும் கைவிடப்பட்டாலும் செய்தாக வேண்டிய ஒரு பணி உண்டு. தாழைப் புதர்களின் அடியிலும், தென்னந்தோப்புகளிலும், இம்மாவட்டத்தில் நாகத்துக்கும் அம்மனுக்கும் நேர்ந்துவிடப்பட்டு எஞ்சியிருக்கும் காவுகளிலும், ஆனி ஆடி மழையின்போது ஒரு முறையும் மாசி வெயிலின்போது ஒரு முறையும் மண் எடுத்து, அதிலுள்ள உயிர்களை இனவாரியாக எண்ணிப் பதிய வேண்டும். இம்மாவட்டத்துக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்க்கு இது இயலாத காரியமன்று. வேண்டுவது ஒரு புனல், ஒரு சல்லடை, ஒரு விளக்கு, ஒரு நுண்ணோக்கி. ஏற்கனவே மணல் எடுத்து நிரப்பிய இடங்களிலும் அதே மாதங்களில் அதே கணக்கை எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதி, அந்த ஏட்டை ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் பங்குப் பேரவைகளிலும் யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.