குடுவையில் வளரும் நித்தியகல்யாணி

செடியின் ஒரு துண்டை எடுத்து, கிருமி அண்டாத குடுவையில் செல்களாகப் பெருக்கி, அவற்றிலிருந்து மருந்துச் சரக்கை எடுப்பது தாவரச் செல் வளர்ப்பு. இதன் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிவது நித்தியகல்யாணியில். சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிவைத்த இந்த மடகாஸ்கர் செடியின் இலையிலிருந்து 1958இல் கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். நீரிழிவுக்கு மருந்து தேடப் போனவர்கள் கையில் கிடைத்தது புற்றுநோய் மருந்து. ஆனால் அதில் ஒரு கிராம் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும்.

அதனால்தான் குடுவையின் மீது கண் விழுந்தது.

இலைத் துண்டை வெட்டிச் சுத்தம் செய்து, சர்க்கரை, உப்புகள், ஹார்மோன் கலந்த அகார் மேல் வைத்தால், சில வாரங்களில் வெட்டிய ஓரத்தில் வெளிறிய, பொலபொலவென்ற திரள் கிளம்பும். இதுதான் காலஸ். அதைத் திரவ ஊடகத்தில் இட்டு ஷேக்கரில் ஆட்டிக்கொண்டே இருந்தால் செல்கள் பிரிந்து பெருகும். இங்கே ஒரு வேடிக்கை. களைக்கொல்லியாக விவசாயிகள் அறிந்த 2,4-டி, துளியளவு கலந்தால் செல்லை நன்றாகப் பெருக்கும். மருந்துச் சரக்கான ஆல்கலாய்டின் உற்பத்தியையோ அமுக்கிவிடும். கொழுக்கிற செல் மருந்து தருவதில்லை. ஜெர்மனியின் மைன்ஹார்ட் ஜெங்க் குழு 1977இல் ஹார்மோனை மாற்றி, சர்க்கரையைக் கூட்டி, தனி உற்பத்தி ஊடகம் அமைத்தது. ரத்த ஓட்டத்துக்கான ஆல்கலாய்டுகளான அஜ்மலிசினும் செர்பென்டினும் குடுவையில் நன்றாகவே சுரந்தன. ஜப்பானில் காப்டிஸ் செடியின் செல்கள் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டை வாரி வழங்கின.

வின்பிளாஸ்டின் மட்டும் மசியவில்லை. அது கேதரந்தின், விண்டோலின் என்ற இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து உருவாவது. கேதரந்தினைக் குடுவைச் செல்கள் தருகின்றன, விண்டோலினைத் தருவதில்லை. அதன் தயாரிப்பு இலையின் மேல்தோலில் ஒரு கட்டம், உள்ளே பால் சுரக்கும் செல்களில் இன்னொரு கட்டம் என்று கைமாறிக் கைமாறி நடக்கிறது. எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இருக்கும் குடுவையில் அந்த வேலைப் பிரிவினைக்கு வழியில்லை. ஊடகத்தை எவ்வளவு மாற்றினாலும் தீராத சிக்கல் இது.

2022இல் ஆய்வாளர்கள் செடியின் செல்லையே விட்டுவிட்டு, அதன் மரபணுக்களை ஈஸ்டுக்குள் புகுத்தினார்கள். ஈஸ்ட் இரண்டு மூலக்கூறுகளையும் தயாரித்தது; வேதிவினையால் அவற்றை இணைத்து வின்பிளாஸ்டினை எடுத்தார்கள். ஆய்வகச் சாதனைதான்; கிடைத்த அளவு மிகச் சொற்பம். மருந்துத் தொழிலுக்கான இலையைத் தருவது வயல்தான். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் நித்தியகல்யாணி இன்றும் ஏற்றுமதிப் பயிர்.