லோன் கிடைக்காதவருக்குத் தவணையில் வீடு விற்கலாமா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க!

மதுரை - திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டினால் பரவை. அங்கே ஒரு சின்ன வீடு உங்கள் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்க வேலை பார்ப்பது சென்னையில். வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணி, புரோக்கரிடம் சொல்லி எட்டு மாசம் ஆகிவிட்டது. வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கிறார்கள், மோட்டார் போட்டுத் தண்ணீர் பார்க்கிறார்கள், 'லோன் சாங்ஷன் ஆனதும் சொல்றோம்' என்று போகிறார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

இந்த நேரத்தில் ஒருவர் வருகிறார். பரவை காய்கறி மார்க்கெட்டில் வியாபாரம். தினமும் கையில் காசு புரளும். ஆனால் சம்பள சிலிப்போ, வருமான வரிக் கணக்கோ கிடையாது. 'வீடு பிடிச்சிருக்கு தம்பி. பேங்க்ல நமக்கு லோன் தர மாட்டாங்க. 10 லட்சம் இப்பவே தர்றேன். மிச்சம் 20 லட்சத்தை வட்டியோட மாசாமாசம் கட்டிடறேன்' என்கிறார். விலையில் பேரம்கூட பேசவில்லை.

சரி என்று சொல்லலாமா? சொல்லலாம். சட்டத்தில் தடை இல்லை. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், விலையை முழுதாகக் கொடுத்தும் விற்கலாம், ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மீதியைத் தருவதாக உறுதி சொல்லியும் விற்கலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால், மொத்த ரிஸ்க்கும் ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது: கடைசித் தவணை வரும்வரை சொத்து யார் பெயரில் இருக்கும்? இந்தக் கேள்விக்குத் தெளிவாக எழுதிய பதில் இல்லை என்றால், நஷ்டம் உங்களுக்கா, அவருக்கா என்பதுதான் பாக்கி.

முதலில், பேங்க் ஏன் மறுக்கிறது?

காரணம் வாங்குகிறவரிடம் இருக்கலாம், வீட்டிலும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு.

வருமானத்தைக் காட்ட ஆவணம் இல்லை என்பது வாங்குகிறவர் பக்கக் காரணம். அவர் நேர்மையாகச் சம்பாதிப்பவராக இருந்தால், தவணை என்பது நியாயமான வழி.

மனை அப்ரூவல் இல்லாதது, மூலப் பத்திரம் தொலைந்தது, வாரிசுத் தகராறு என்றால் காரணம் வீட்டில் இருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கலாம். அதன்பிறகு, 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் தமிழக அரசு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் மனை அந்த வகை என்றால், முதலில் அதைச் சரிபண்ணிவிட்டு விற்பதுதான் லாபம். பிரச்னையை மறைத்து, 'தவணையில தர்றேன்' என்று இனிப்புத் தடவி விற்றால், அது பின்னாடி கேஸாகத்தான் திரும்பி வரும்.

இன்னொரு விஷயம். நம்மூரில் 'ஒத்தி' என்று ஒரு பழக்கம் உண்டு. மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடியிருந்து, காலி பண்ணும்போது அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. தவணைக் கிரயம் அது இல்லை. இங்கே பணம் திரும்பாது, வீடுதான் கைமாறும். அக்ரிமென்ட்டில் இரண்டையும் கலந்து எழுதிவிடாதீங்க.

வழி 1: இப்போது அக்ரிமென்ட், கடைசியில் கிரயம்

இப்போது கிரய ஒப்பந்தம் மட்டும் போடுவீர்கள். பணம் முழுசும் வந்த பிறகு கிரயப் பத்திரம். அதுவரை வீடு உங்கள் பெயரில்தான்.

தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் அசையாச் சொத்துக்கான விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 'ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிட்டா போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் வந்துவிடும். அதனால், வாங்குகிறவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு விற்பது சுலபமில்லை. அவருக்கு அதுதான் பாதுகாப்பு.

இந்த வழியில் உங்களுக்கும் சிக்கல் உண்டு. சாவியைக் கொடுத்து அவரைக் குடிவைத்துவிட்டால், தவணை நின்றதும் பூட்டை மாற்றி வெளியே அனுப்ப முடியாது. பதிவு செய்த ஒப்பந்தப்படி குடிவந்து, தன் பங்கைச் செய்யத் தயாராக இருப்பவரின் அனுபோகத்தைச் சட்டம் பாதுகாக்கிறது. ஒப்பந்தத்தை ரத்து பண்ணவும் இருவரும் சேர்ந்து பதிவு அலுவலகம் போகணும். அவர் வரவில்லை என்றால், கோர்ட் படி ஏற வேண்டியதுதான்.

வழி 2: இப்போதே கிரயம், பாக்கிக்கு அடமானம்

முன்பணம் வாங்கிக்கொண்டு, வீட்டை இப்போதே அவர் பெயருக்குக் கிரயம் பண்ணிக் கொடுக்கிறீர்கள். அதே நாளில், பாக்கி 20 லட்சத்துக்கு அந்த வீட்டையே உங்களிடம் அடமானம் வைத்து அவர் ஒரு பத்திரம் பதிவு செய்து கொடுக்கிறார். பேங்க் இருக்க வேண்டிய இடத்தில் நீங்க இருக்கிறீங்க. அவ்வளவுதான்.

வாங்குகிறவருக்கு இது ரொம்பவே பாதுகாப்பு. உங்களுக்கும் பாக்கிப் பணத்துக்கு வீடே ஈடு. அவர் கட்டாவிட்டால் வழக்கு போட்டு, கோர்ட் மூலம் ஏலத்துக்குக் கொண்டுவரலாம். இதற்கு 12 ஆண்டுகள் வரை காலவரம்பு உண்டு.

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கிரயப் பத்திரம் எழுதும்போது, 'முழுக் கிரயத் தொகையையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி பழக்கதோஷத்தில் வந்து விழும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால், பாக்கி 20 லட்சம் வரவேண்டும் என்பதை நீங்களே மறுத்த மாதிரி. வந்தது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் என்று பத்திரத்திலேயே இருக்கணும்.

இது மட்டும் வேண்டவே வேண்டாம்!

'கிரயம் அப்புறம் பார்த்துக்கலாம். இப்போ ஒரு பவர் எழுதிக் கொடுங்க' என்பார்கள். பவர் பத்திரமும் அக்ரிமென்ட்டும் சேர்ந்தாலும் உரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் வாங்கியவருக்கு வீடு சொந்தமாகாது. பவர் கொடுத்த உங்களுக்கோ, அவர் அதை வைத்து என்ன செய்வார் என்ற பயம் போகாது. இரண்டு பேருக்கும் தூக்கம் கெடும்.

மாசம் எவ்வளவு வரும்?

விலை 30 லட்சம், முன்பணம் 10 லட்சம், பாக்கி 20 லட்சம். வருஷத்துக்கு 10 சதவிகித வட்டி, 5 வருஷம் என்று வைத்தால், மாசத் தவணை சுமார் 42,494 ரூபாய். மொத்தம் 60 தவணை. வட்டி மட்டும் ஏறக்குறைய 5.5 லட்சம்.

முதல் மாசத் தவணையில் சுமார் 16,667 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது 25,827 ரூபாய்தான். ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினால் 5.1 லட்சம் கொடுத்திருப்பார். ஆனாலும் அசல் பாக்கி 16.75 லட்சம் இருக்கும். 'அஞ்சு லட்சம் கட்டிட்டேனே, பதினஞ்சுதானே மிச்சம்?' என்ற சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். அதனால், 60 தவணைக்கும் அசல், வட்டி, மிச்சம் என மூன்று கட்டம் போட்ட அட்டவணையை ஒப்பந்தத்தோடு இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்க.

வட்டி விஷயத்தில் பேராசை வேண்டாம். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது.

பணத்தைக் கையில் வாங்காதீங்க!

அசையாச் சொத்துக்கான முன்பணமோ, தவணையோ 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அதுவும் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு. '19,000, 19,000-ஆகப் பிரிச்சு வாங்கிக்கலாம்' என்பதும் எடுபடாது, சேர்த்துத்தான் கணக்கு. மார்க்கெட்டில் ரொக்கமாகப் புரளும் பணம் என்றாலும், முதலில் அவர் வங்கிக் கணக்கில் ஏறி, அங்கிருந்து உங்களுக்கு வரட்டும். இன்னொரு நன்மையும் உண்டு. ரெண்டு, மூணு வருஷம் தவறாமல் தவணை கட்டிய பேங்க் ஸ்டேட்மென்ட்டும், வருமான வரிக் கணக்கும் கையில் இருந்தால், மீதியை பேங்க் லோனாக மாற்றிக்கொள்ள அவர் தைரியமாகப் போய்க் கேட்கலாம். உங்கள் பணமும் சீக்கிரம் வந்து சேரும்.

அடுத்தது, மூலதன ஆதாய வரி. பணம் 5 வருஷத்தில்தான் வரும் என்றாலும், வீடு கைமாறிய ஆண்டிலேயே முழு விலைக்கும் ஆதாயம் கணக்கிடப்படும். வழி 1-ல் சாவியைக் கொடுத்துவிட்டாலே, கைமாறியதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. விற்ற பணத்தில் வேறு வீடு வாங்கி வரிவிலக்குப் பெற நினைத்தால், வாங்க 2 வருஷம், கட்ட 3 வருஷம் என்ற கெடுவும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே, முன்பணத்தை முடிவுபண்ணும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்க. முன்பணம் குறைந்தபட்சம் அந்த வரியைக் கட்டவாவது போதணும். மாசாமாசம் வரும் வட்டி, தனி வருமானம். அதற்குத் தனியாக வரி உண்டு. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், ஒவ்வொரு தவணையிலும் வாங்குகிறவர் 1 சதவிகிதம் டி.டி.எஸ் பிடிக்க வேண்டும்.

தவணை நின்றால்?

முன்தேதியிட்ட செக் வாங்கி வைப்பது வழக்கம். செக் திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். இந்தக் கெடுவில் ஒன்றைத் தவறவிட்டாலும் கேஸ் பலவீனம்.

'ஒரு தவணை தவறினாலும் கட்டியது எல்லாம் எனக்கே' என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம் என நினைக்காதீங்க. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறியவரிடம் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். எத்தனை தவணை தவறினால் ரத்து, எத்தனை நாள் அவகாசம், எவ்வளவு கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது என்று முன்பே எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சிகாகோ உதாரணம். 1950-60-களில் அங்கே கறுப்பினக் குடும்பங்களுக்கு பேங்குகள் வீட்டுக் கடன் தரவில்லை. வேறு வழியில்லாமல், சந்தை மதிப்பைவிட மிக அதிக விலைக்குத் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். ஒரு மாசம் தவறினால் வீடும் போச்சு, கட்டிய பணமும் போச்சு. 1968-ல் லான்டேல் பகுதி மக்கள் 'கான்ட்ராக்ட் பையர்ஸ் லீக்' என்ற அமைப்பாகத் திரண்டு, தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். பல நூறு ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன. லோன் கிடைக்காதவருக்கு வேறு கதி இல்லை என்பது விற்கிறவர் கையில் பெரிய ஆயுதம். அதை எடுக்காமல் இருப்பதுதான் நியாயம்.

கையெழுத்துக்கு முன் கடைசி செக்லிஸ்ட்

* டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, இருவரும் சேர்ந்து பாருங்க. பட்டாவும் உங்கள் பெயரில் இருக்கணும்.
* வீட்டின் மேல் உங்களுக்கு ஏற்கெனவே லோன் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்க. அதை அடைக்காமல், பேங்குக்குத் தெரியாமல் விற்கக் கூடாது.
* பேரூராட்சி வீட்டு வரி, மின் கட்டணம், ரிப்பேர் செலவு... எந்தத் தேதியிலிருந்து யார் கட்டுவது என்று எழுதுங்க.
* உங்களுக்கோ அவருக்கோ ஏதாவது ஆகிவிட்டால்? வாரிசுகளையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற வரி வேண்டும். அவர் ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தால், அவருடைய குடும்பம் வீட்டை இழக்காது.
* முன்கூட்டியே மொத்தமாக அடைத்தால் வட்டி குறையுமா? எழுதுங்க.
* எழுதிய பத்திரத்தை 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிடணும். 'அடுத்த முகூர்த்தத்தில் பார்த்துக்கலாம்' என்று இழுக்க வேண்டாம்.
* எல்லாத் தவணையும் முடிந்ததும், வழி 1 என்றால் உடனே கிரயம். வழி 2 என்றால், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்து கொடுங்க. 3 வருஷத்துக்கு மேல் கிரயத்தைத் தள்ளிப்போட்டால், கோர்ட்டில் கேட்கும் உரிமையே வாங்குகிறவருக்குப் போய்விடலாம்.

இருவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம், ஆளுக்கொருவரை வைத்துக்கொள்ளுங்க. பத்திரத்தை எழுதியதும், வாங்குகிறவருக்குப் புரிகிற தமிழில் ஒருமுறை முழுசாக வாசித்துக் காட்டச் சொல்லுங்க. அவர் எழுப்பும் சந்தேகம் அன்றைக்கே தீர்ந்தால், அடுத்த 60 மாசமும் நீங்க நிம்மதியாகத் தூங்கலாம்.