வெண்மணியை எத்தனை புத்தகங்களில் படிப்பது?



நாம் நினைவுகூரக் கூடியிருக்கும் அண்ணனை இங்கே பலருக்கு மேடைப் பேச்சாளராகத் தெரியும். எனக்கு அவர் ஒரு தகரப்பெட்டிக்காரர். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி, அது நிறையப் புத்தகம், மேலே ஒரு நாற்பது பக்க நோட்டு. புத்தகம் எடுப்பவர் நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு. நாவல் எடுத்தால் கூடவே கதையல்லாத ஒன்றையும் எடுக்க வேண்டும். வரலாறு எடுத்தால் கூடவே யாருடைய வாழ்க்கையாவது ஒன்று. "ஒத்தக் கண்ணால ரோடு கடக்காத" என்பார். அந்த வயதில் எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. நாவலைப் படித்துவிட்டு, கூட எடுத்ததைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நிபந்தனையின் பொருள் எனக்கு எப்போது விளங்கியது என்பதைச் சொல்லத்தான் இந்த உரை. வாசிப்பைப் பற்றிப் பொதுவாகப் பேச எனக்கு வராது. ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊர் கீழ்வெண்மணி.

எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தபோது 'குருதிப்புனல்' படித்தேன். இந்திரா பார்த்தசாரதி எழுதி 1975இல் வந்த நாவல். 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. விடுதி அறையில் ஒரே இரவில் படித்து முடித்தேன். அந்த வருடம் டிசம்பர் 25 அன்று பேருந்து மாறி மாறி வெண்மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர், வாழ்நாள் முழுவதும் நடவும் அறுப்பும் பார்த்தவர். நான் படித்த பெருமையில், நாவலில் வரும் பண்ணையாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவனுடைய ஆண்மைக் குறை, அதை மறைக்க அவன் காட்டும் வெறி, அதிலிருந்து கிளம்பும் கொடூரம் என்று ஒரு பெரிய விளக்கம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவன் ஆம்பளையா இல்லையாங்குறது எங்களுக்கு எதுக்குத் தம்பி? நாங்க கேட்டது நெல்லு."

திருவாரூர் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நாவலை இங்கே குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் வரவில்லை. அதைப் படிக்காமல் இருந்திருந்தால் நான் அந்தப் பேருந்திலேயே ஏறியிருக்க மாட்டேன். நடுத்தர வர்க்க வீடுகளின் புத்தக அலமாரிக்குள் வெண்மணியைக் கொண்டுபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தக் கதையை நகர்த்துகிறவர்கள் டெல்லியிலிருந்து வந்த படித்தவர்கள். எரிந்துபோனவர்கள் கடைசியில் எரிவதற்காகவே அதில் இருக்கிறார்கள். ஒரு வர்க்கத்தின் சங்கமும் ஒரு சாதியின் அதிகாரமும் சேர்ந்து செய்த கொலை, ஒரு மனிதனின் உடற்குறையாகச் சுருங்கிவிடுகிறது. நாவல் வந்த காலத்திலேயே இடதுசாரிகள் இதைக் கண்டித்தார்கள். எனக்கு அதை ஒரு மூதாட்டி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது, ஏனென்றால் கூட எடுத்த புத்தகத்தை நான் பிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் வரலாற்றின் பக்கம் போனேன். மாணவர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கீழத்தஞ்சையில் நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் குவிந்திருந்தது. சேற்றில் இறங்கியவர்கள் சேரி மக்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் அங்கே நடைமுறையாக இருந்த தண்டனைகள். 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் கட்டிய விவசாயச் சங்கம் அதை எதிர்த்து நின்றது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் பண்ணையாள்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு மாறிய மிராசுதார்கள் பலர். ஆக, பாதுகாப்பதற்கு வந்த சட்டமே பலரை நடுத்தெருவுக்கும் கொண்டுவந்தது. 1960களில் பசுமைப் புரட்சி. விளைச்சல் ஏறியது, விளைந்ததில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள் தொழிலாளர்கள். நிலக்கிழார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தங்களுக்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கிவிட்டு எங்கள் சங்கத்தில் சேருங்கள் என்று நெருக்கினார்கள். கேட்கப்பட்ட கூடுதல் கூலி அரைப்படி நெல் என்றே மக்கள் நினைவில் நிற்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எல்லோரும் தலித்துகள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அன்று மாலை நிலக்கிழார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்கள்தான் சிறைக்குப் போனார்கள்.

அந்த 1973 தீர்ப்பை நீங்கள் ஒரு இலக்கியப் பிரதியாகப் படிக்க வேண்டும் என்பேன். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிலபுலன் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அது பேசுகிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு மிராசுதார் எப்படி நடந்துகொள்வார், எதைச் செய்யமாட்டார் என்று கற்பனை செய்வது நாவலாசிரியரின் வேலை. அதை நீதிமன்றம் செய்திருக்கிறது. 'குருதிப்புனல்' ஒரு பண்ணையாருக்கு இழிந்த மனத்தைக் கற்பித்தது. தீர்ப்பு பண்ணையார்களுக்குக் கௌரவமான மனத்தைக் கற்பித்தது. இரண்டிலும் சேரி வெறும் சாட்சி. அந்த ஒற்றுமையை நாவல் மட்டும் படித்தவரும் கண்டுபிடிக்க முடியாது, ஆவணம் மட்டும் படித்தவரும் கண்டுபிடிக்க முடியாது. வரலாறு என்றால் உண்மை, நாவல் என்றால் பொய் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தோழர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

தீர்ப்பின் இந்த மனநிலையை அந்த ஆண்டே 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் அம்பலப்படுத்தியவர் மைதிலி சிவராமன். கொலைகாரக் கனவான்கள் என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தார். படுகொலை நடந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பகுதிக்குப் போய் மக்களிடம் பேசியவர் அவர். அவருடைய கட்டுரைகள் ஆங்கிலத்தில் 2013இல் நூலாக வந்தன.

நான் படித்த சமூகவியலும் தஞ்சாவூரைத் தொடாமல் இல்லை. ஆந்த்ரே பெத்தேய்யின் 'சாதி, வர்க்கம், அதிகாரம்' 1965இல் வந்தது. தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்து எழுதியது. இந்தியா முழுக்க சமூகவியல் மாணவர்கள் அதைப் படிக்காமல் பரீட்சை எழுத முடியாது. அவர் தங்கியிருந்தது அக்ரகாரத்தில். அங்கே குடியிருந்ததால் மற்ற தெருக்களுக்குப் போய்ப் பழகுவதில் இருந்த தடையை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் எங்கள் வகுப்பில் அந்தப் பத்தியை யாரும் நிறுத்திப் பேசவில்லை. அந்தப் புத்தகம் வந்து மூன்றே ஆண்டுகளில் அதே மாவட்டத்தில் 44 பேர் எரிந்தார்கள் என்பதும் பாடத்தில் இல்லை. காத்லீன் காஃப் 1950களின் தொடக்கத்திலேயே தஞ்சைக் கிராமங்களில் களஆய்வு செய்தவர். 1981இல் வந்த அவருடைய நூல் பண்ணையாள் உழைப்பை இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஆய்வாளர் எந்தத் தெருவில் நிற்கிறார், எதைத் தேடுகிறார் என்பது ஆய்வை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்று தெரியும்.

சரி, மூன்றாவது அலமாரிக்கு வருகிறேன். தன்வரலாறு.

நம் இயக்கத்துக்குத் தன்வரலாறு புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தை 1939இலேயே வெளியிட்டார். சின்னப் புத்தகம். 1893இல் 'பறையன்' இதழ் தொடங்கியவர், லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவர், தம் சொந்த மனவேதனைக்கு அதில் அதிக இடம் ஒதுக்கவில்லை. மனு, மாநாடு, கோரிக்கை, பதில் என்று ஒரு பொதுக்கணக்கு ஒப்படைப்பது போல எழுதியிருக்கிறார். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' வேறு திசையில் போனது. மடத்தைவிட்டு வெளியே வந்த பெண் ஒருத்தி தன்னைத் தானே தைத்துக்கொண்ட எழுத்து. கே.ஏ. குணசேகரனின் 'வடு', ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' எல்லாம் பிறகு வந்தன. இப்போது பல்கலைக்கழகங்களில் தலித் இலக்கியம் என்றால் தன்வரலாறு, தன்வரலாறு என்றால் வலி என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நம்மிடம் வலியை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். வாதத்தைக் கேட்பதில்லை. அயோத்திதாசரின் 'தமிழன்' கட்டுரைகளை 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிடும்வரை, அந்த வாதங்கள் 80 ஆண்டுகளுக்கு மேல் பழைய தாள்களில் தூங்கின. 'கருக்கு' படித்த மாணவர் அயோத்திதாசரையும் எடுக்கட்டும். அயோத்திதாசரை மேற்கோள் காட்டுகிற தோழர் பூமணியின் 'பிறகு'வையும் எடுக்கட்டும். 1979இல் வந்த அந்த நாவலில், சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு சக்கிலியக் குடும்பத்துக்கு என்ன மாறியது என்பதை எந்தக் கோஷமும் இல்லாமல் சொல்லியிருக்கிறார். எந்த ஐந்தாண்டுத் திட்ட அறிக்கையும் அழகிரியின் ஒரு நாளைச் சொல்லாது.

ஆனால் வெண்மணிக்கு? அந்தச் சேற்றில் நட்ட பெண் ஒருத்தி தானே எழுதிய தன்வரலாறு என் கைக்கு வந்ததில்லை. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' உண்டு. அந்த மண்ணின் பேச்சைக் காதில் வாங்கி எழுதிய நாவல். மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2014இல் வந்த நாவல் தமிழில் 'குறத்தியம்மன்' ஆனது. இந்தக் கதையை யார், எப்படிச் சொல்வது என்ற சங்கடத்தையே வெளிப்படையாக விவாதிக்கிற நாவல் அது. பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமய்யாவின் குடிசை' ஆவணப்படத்தில் உயிர் தப்பியவர்களின் குரலைக் கேட்கலாம். கேளுங்கள்.

எழுத்தில் அந்தக் குரலுக்கு மிக அருகில் நான் போனது 'வீரம்மா' மூலமாகத்தான். புதுச்சேரி அருகே ஒரு கிராமத்தில் ரெட்டியார் பண்ணையில் உழைத்த பறையர் பெண்ணான வீரம்மா, ஜோசியான் ரசீனிடம் பல ஆண்டுகள் பேசிப் பதிவான வாழ்க்கை. பன்னிரண்டு பிள்ளை பெற்றவர், பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். ஒப்பாரியும் நடவுப்பாட்டும் கைவந்தவர். தமிழில் சொன்னது முதலில் பிரெஞ்சில் 1995இலும், பின்பு ஆங்கிலத்தில் 1997இலும் அச்சேறியது. நம் சேரிப் பெண்ணின் பேச்சு நம்மிடம் வருவதற்கு முன் பாரிசுக்குப் போய்விட்டது என்பதை எங்கே போய்ச் சொல்வது!

அந்தப் புத்தகம் உங்களுக்குக் கோபம் வரவழைக்கும். எனக்கு வந்தது. வீரம்மா நாம் எதிர்பார்க்கிற போராளி இல்லை. ஆண்டையின் பெருமையைச் சொல்கிறார். உலகம் இப்படித்தான் படைக்கப்பட்டது என்கிறார். அரசியல் பேசும் மகனோடு உடன்படாமல் அவனுக்காகப் பயப்படுகிறார். முதல் வாசிப்பில், இவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். இரண்டாம் வாசிப்பில் அந்த வரியை அழித்தேன். பயந்தவர், பணிந்தவர், உள்ளுக்குள் சிரித்தவர், பாட்டில் ஆண்டையைக் கேலி செய்தவர் எல்லாம் ஒரே பெண் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட பெண்கள்தான் தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் செங்கொடியைப் பிடித்தார்கள் என்றால், அந்தக் கொடியைப் பிடிக்க எவ்வளவு பயத்தைத் தாண்டியிருக்க வேண்டும்! எந்தத் துண்டறிக்கையும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

அம்பேத்கர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' மிகச் சிறியது. கோரேகாவுக்குப் போன சிறுவனின் மாட்டு வண்டிப் பயணமும், பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதன் பின்பகுதியைக் கவனியுங்கள். தம் கதையை நிறுத்திவிட்டு, கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் மருத்துவம் மறுக்கப்பட்ட கதையைக் கொடுக்கிறார். அது 1929இல் காந்தியின் 'யங் இந்தியா'வில் வெளியான கடிதம். தன்வரலாற்றுக்குள் தான் அரசியலில் எதிர்த்தவரின் பத்திரிகையிலிருந்தே ஆவணத்தை எடுத்து வைக்கிறார். யாருடைய தாளில் இருந்தாலும் நமக்கு வேண்டியதைப் படித்து எடுத்துக்கொள்வது என்பதை அவரிடம்தான் கற்க வேண்டும். நம் எதிரிகள் எழுதியதைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்த இளம் தோழர்கள் இங்கே இரண்டு பேராவது இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

அண்ணனின் தகரப்பெட்டி இப்போது நம் வாசிப்பு வட்டத்திடம் இருக்கிறது. நோட்டும் இருக்கிறது. அதில் என் பெயருக்கு நேரே 'குருதிப்புனல்', அதற்குக் கீழே அவர் கையெழுத்தில், நான் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்த இன்னொரு புத்தகத்தின் பெயர். அது தஞ்சை விவசாயச் சங்கத்தின் வரலாறு பற்றிய ஒரு சிறு வெளியீடு. பெட்டியைத் துடைத்தபோது அது கிடைத்தது. இந்த டிசம்பர் 25க்குப் போகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். போவதற்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிறு வெளியீட்டையும், நாவலையும், 1973 தீர்ப்பையும், வீரம்மாவில் சில பகுதிகளைத் தமிழாக்கியும் சேர்ந்து படிப்போம். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் எடுத்துப் போவோம். அந்த மூதாட்டி இன்று இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் வயதை எட்டிக்கொண்டிருக்கும் மகள்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். இந்த முறை நான் பேசப் போவதில்லை.