ஊமத்தம்பூவும் கதைசொல்லியும்

அம்ரிதா ஷேர்கில் 1937இல் தீட்டிய ‘கதைசொல்லி’ என்ற எண்ணெய் வண்ண ஓவியம், 2023 செப்டெம்பர் 16ஆம் திகதி டில்லியில் சஃப்ரன்ஆர்ட் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 61.8 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோனது. அதுவரை எந்த இந்திய ஓவியத்துக்கும் ஏலத்தில் அவ்வளவு பெரிய தொகை கிடைத்ததில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.எச்.ரஸாவின் ஓவியம் ஒன்று 51.75 கோடியை எட்டியிருந்தது. அந்தச் சாதனை ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

ஓவியத்தில் அரண்மனையோ தெய்வமோ இல்லை. ஒரு வீட்டு முற்றம், கட்டிலிலும் தரையிலும் ஓய்வாக இருக்கும் பெண்கள், வெற்றிலை, பக்கத்திலேயே மாடு கன்றுகள். மத்தியான வேலை ஓய்ந்த நேரத்தில் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சிதான்.

ஷேர்கில் 1913 ஜனவரி 30ஆம் திகதி புடாபெஸ்ற் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபின் மஜீதியா சீக்கியக் குடும்பத்தவர், தாய் ஹங்கேரியப் பாடகி. பதினாறு வயதில் பாரிஸுக்குப் போய் அங்கே நுண்கலைக் கல்லூரியில் பயின்றார். 1932இல் வரைந்த ‘இளம் பெண்கள்’ அடுத்த ஆண்டே பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1934 முடிவில் இந்தியா திரும்பினார். 1936 இறுதியில் தொடங்கிய தென்னாட்டுப் பயணத்தில் அஜந்தாவின் சுவரோவியங்களையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களையும் பார்த்தார், குமரிமுனை வரை சென்றார். ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர்’ ஆகிய மூன்று பெரிய ஓவியங்களும் அந்தப் பயணத்தின் விளைச்சல். தென்னாட்டு மக்களின் கறுத்த மேனியும் மெலிந்த கைகால்களும் நவீன ஓவியத்தில் இவ்வளவு கனத்தோடு ஏறியது அப்போதுதான்.

அந்த நாளில் அவரது ஓவியங்களை வாங்க அதிகம் ஆளில்லை. ஹைதராபாத்தில் பெரும் செல்வரான நவாப் சாலார் ஜங் அவருடைய ஓவியங்களைத் தருவித்துப் பார்த்தார், ஒன்றையும் வாங்காமல் திருப்பியனுப்பினார். 1937 நவம்பரில் லாகூரின் ஃபலெட்டி ஹோட்டலில் நடந்த கண்காட்சி பேரைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. மணமாகும் முன்பும், மணமான பின் கணவர் விக்டர் எகானுடனும் கோரக்பூர் பக்கத்துச் சராயாவில் தங்கினார். அது அவருடைய சித்தப்பா சுந்தர் சிங் மஜீதியாவின் சீனித் தொழிற்சாலையும் கரும்புத் தோட்டமும் இருந்த இடம். ‘அந்தப்புரத்தில்’ (1938) போன்ற ஓவியங்கள் அந்தச் சூழலில் பிறந்தவை. தோட்ட முதலாளி வீட்டிலிருந்து கிராமத்துப் பெண்களைப் பார்த்த பார்வை அது. கனிவு நிரம்பிய பார்வைதான், ஆனாலும் பார்த்தவர் நின்ற இடத்தை மறந்துவிட முடியாது. 1941 டிசம்பர் 5ஆம் திகதி லாகூரில் 28 வயதில் அவர் இறந்தார்.

விலை ஏறியதற்குத் தரம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சரக்கு இல்லாமை. அவருடைய படைப்புகளாக இன்று கணக்கில் உள்ளவை ஏறக்குறைய 170 ஓவியங்கள்தான். கணவரிடமும் குடும்பத்தாரிடமும் இருந்தவற்றில் பெரும்பகுதி டில்லி தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவை இனி ஏலத்துக்கு வரப்போவதில்லை. மிச்சமிருக்கும் சில டசின்களுக்குள் நல்லதொன்று வெளியே வருவது பல ஆண்டுகளுக்கு ஒரு முறை.

சட்டமும் சேர்ந்துகொண்டது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின் கீழ் ஷேர்கில்லின் படைப்புகள் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. ரவிவர்மா, தாகூர் குடும்பத்தவர் மூவர், ஜாமினி ராய் முதலியோரின் படைப்புகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தியாவுக்குள் அவற்றை விற்கலாம், வாங்கலாம். நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஐரோப்பாவில் தங்கிவிட்ட சில ஓவியங்கள் மட்டும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் ஏலத்துக்கு வருகின்றன. மற்றவற்றுக்கு இந்தியச் செல்வர்களே சந்தை. அந்தச் செல்வர்களின் கை நீண்ட வேகத்தை விலைகளே சொல்லும். 2006இல் ‘கிராமக் காட்சி’ 6.9 கோடிக்கு விற்றபோதே பத்திரிகைகள் வியந்தன. 2018இல் ‘நீல உடைச் சிறுமி’ 18.69 கோடி, 2021இல் ‘அந்தப்புரத்தில்’ 37.8 கோடி, 2023இல் ‘கதைசொல்லி’ 61.8 கோடி. ‘கதைசொல்லி’யின் முதலிடத்தை 2025 மார்ச்சில் பறித்த எம்.எஃப்.ஹுசைனின் ‘கிராம யாத்திரை’ நியூயோர்க்கில் 1.375 கோடி டொலருக்குப் போனது. அந்தத் தடை ஹுசைனின் ஓவியங்களுக்கு இல்லை, அதுவும் 1954இலேயே இந்தியாவை விட்டு வெளியேறிய ஓவியம்.

இலங்கையின் நமுனுகுல மலைச்சாரலில் பறித்த தேயிலைக் கொழுந்து தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போவதை அறிந்தவர்களுக்கு ஓவிய ஏலமும் புதிதல்ல. கொழும்பில் 1883 முதல், 2020இல் ஏலம் இணையவழிக்கு மாறும்வரை, நடந்தது போலவே ஓவிய ஏலத்திலும் முன்கூட்டியே விபரப் பட்டியல் அச்சாகும், தரகர் மதிப்புச் சொல்வார், சுத்தியல் விழுந்தால் பேரம் முடிந்தது. ஆனால் தேயிலை அடுத்த வாரமும் வரும், ஓவியம் வராது. அதனால் இரண்டு பேர் பிடிவாதமாக நின்றால் போதும், மதிப்பீடு காற்றில் பறந்துவிடும். அறிவிக்கப்படும் தொகையில் சுத்தியல் விலையோடு, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் தரகும் அடங்கும்.

மதிப்பீடு பறந்ததற்கு அமெரிக்காவில் பெரிய சான்று ஜோர்ஜியா ஓ’கீஃப். 1887இல் பிறந்து 1986 வரை வாழ்ந்த அவர், அமெரிக்க நவீன ஓவியத்தின் தொடக்க காலத்தவர். 1932இல் அவர் தீட்டிய வெள்ளைப் பூ ஒன்று 2014 நவம்பர் 20ஆம் திகதி நியூயோர்க் சொத்பீஸில் ஏலத்துக்கு வந்தது. பூ வேறொன்றுமில்லை, நம்மூர் வேலியோரத்து ஊமத்தையின் இனம். நான்கடி உயரத் துணியை முழுதாக நிறைத்து மலர்ந்து நிற்கிறது. மதிப்பீடு ஒன்று முதல் ஒன்றரைக் கோடி டொலர். விற்றது 4.44 கோடிக்கு. அதற்கு முன் அவருடைய ஓவியமொன்றுக்குக் கிடைத்த உச்ச விலை 62 இலட்சம் டொலர், 2001இல். ஊமத்தம்பூ ஓவியத்தை விற்றது சாந்தா ஃபே நகரில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகம், புதிய படைப்புகள் வாங்குவதற்காக. ஓவியம் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பெண் ஓவியர்களின் ஏல உச்சமாக அது பதினொரு ஆண்டுகள் நின்றது. 2025 நவம்பரில் மெக்சிக்கோவின் ஃப்ரீடா காலோ அதைத் தாண்டினார்.

ஓ’கீஃப் தன் காலத்திலேயே புகழும் பணமும் கண்டவர். ஷேர்கில்லுக்கு அது வாய்க்கவில்லை, வாரிசுகளுக்கும் ஏலப் பணத்தில் சட்டப்படி பங்கில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு, ஓர் ஓவியம் பத்தாயிரம் ரூபாவுக்கு மேல் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கோ வாரிசுக்கோ பத்து வீதம் வரை பங்கு கேட்க இடம் தருகிறது. பதிப்புரிமைக் காலம் முடிந்தால் அந்த உரிமையும் முடியும். ஓவியர் இறந்து 60 ஆண்டுகளே அந்தக் காலம். ஷேர்கில் விஷயத்தில் அது 2001 இறுதியில், ‘கிராமக் காட்சி’ கோடிகளில் விலைபோவதற்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, தீர்ந்துபோயிருந்தது.